சீனியர் வக்கீல் செலவு

கடற்கரைக்குப் போகும் முதல் மின்சார ரயில் தாம்பரத்தை விட்டுக் கிளம்புவதற்குள் கன்னியம்மாவின் ரவிக்கை முதுகோடு ஒட்டிப்போயிருக்கும். இரும்புலியூர்ப் பக்கம் தகரக் கூரை போட்ட சலவை ஆலை அது. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக அழுக்கு வந்து இறங்கும். யாரோ கல்யாணத்தில் கொட்டிய சாம்பார், யாருக்கோ பிள்ளை பிறந்தபோது வழிந்த ரத்தம், யாரோ வாந்தியெடுத்த சாராயம் எல்லாம் ஒன்றாக நாறும். கூட வேலை செய்யும் சேட்டு அவற்றைப் பிரித்து எந்திரத்தில் போடுவான். துவைத்துப் பிழிந்த ஈர விரிப்புகள் சிக்குப் பிடித்த கயிறு போல் வரும். அவற்றை உதறி, இரண்டு முனையையும் பிடித்து, நீராவியில் கொதிக்கும் இரும்பு உருளைகளுக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் விரிப்பு சுடச்சுட, மடிப்பில்லாமல், சாமிக்குச் சாத்துகிற வேட்டி மாதிரி வெளியே வரும்.

இடது முனை கன்னியம்மா. வலது முனை ஜோசலின்.

உருளைக்கு முன்னால் முன்பு ஒரு கம்பி இருந்தது. கை அதில் பட்டால் எந்திரம் நின்றுவிடும். அடிக்கடி நிற்கிறது, வேலை கெடுகிறது என்று முதலாளி கிரீஷ் அதைக் கழற்றச் சொல்லிவிட்டார். கழற்றியவன் அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டான்.

அன்று காலை ஒரு விரிப்பின் ஓரம் சுருண்டது. ஜோசலின் அதை நீவிவிடக் கை நீட்டினாள். எப்போதும் செய்வதுதான். உருளை விரிப்பை இழுத்தது. விரிப்பு விரல்களை இழுத்தது. அவள் கத்தவில்லை. "அக்கா" என்று மட்டும் சொன்னாள். கன்னியம்மா பாய்ந்து நிறுத்தும் பொத்தானை அடித்தாள். நின்ற உருளையைச் சேட்டு தோள் கொடுத்துப் பின்னுக்குத் திருப்பினான். இஸ்திரி போடுகிற இடத்தில் ஒருநாளும் வராத ஒரு வாடை கிளம்பியது. அது இன்னதென்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஜோசலினை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் கிரீஷ் காரை விட்டு இறங்கினார். கருப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"அந்த ஷீட்டை உடனே பச்சைத் தண்ணில போடுங்கப்பா. பிளட் காய்ஞ்சா கறை போகாது. அது ஓ.எம்.ஆர். ஓட்டல் ஷீட்."

சலவைத் தொழிலைப் பற்றி அவர் சரியாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். கன்னியம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அதுவரை அவளுக்கு அவர் மேல் பயம் இருந்தது. அந்த நிமிஷம் அருவருப்பு வந்து அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

"அந்தக் கம்பிய மாட்ற வரைக்கும் மெஷின் ஓடாது சார்."

"நீ யாரும்மா அதைச் சொல்றதுக்கு?"

"நாளைக்கு என் கை அதுல மாட்டிக்குமே சார், அதான் சொல்றேன்."

அவள் வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். சேட்டு வந்து உட்கார்ந்தான். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் வந்தார்கள். மூன்று நாள் உருளை ஓடவில்லை. நாலாம் நாள் காலையில் ஆலைக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. உள்ளே, பின்வாசல் வழியாக எங்கிருந்தோ கூட்டி வந்த ஆட்களை வைத்து எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கம்பி இல்லாமல்தான்.

அடுத்து கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. சட்டவிரோதமாக வேலையை நிறுத்தியதால் ஓட்டல் ஒப்பந்தம் கைவிட்டுப் போனது, லட்சக்கணக்கில் நஷ்டம், அதை இவர்கள் தர வேண்டும் என்று கிரீஷ் வழக்குப் போட்டிருந்தார். வேலையை நிறுத்திய பதினான்கு பேரும் பிரதிவாதிகள். முதல் பிரதிவாதி கன்னியம்மா.

மறுநாள் அவர் அவளை மட்டும் அலுவலக அறைக்கு அழைத்தார். குளிர்ச்சாதனம் உறுமியது. 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்ற வாசகத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். குடும்பத்தலைவர் பாதாம் கொறித்துக்கொண்டிருந்தார்.

"உங்களை நான் என்னிக்காவது வொர்க்கர்னு சொல்லியிருக்கேனா கன்னியம்மா? டீம் மெம்பர்னுதானே சொல்வேன்?"

"டீம் மெம்பர் மேலயா சார் கேஸு போட்டுகிறீங்க?"

அவர் சிரித்தார். பல்லில் பாதாம் தோல் ஒட்டியிருந்தது. "கோர்ட்டுக்கு சீனியர் அட்வகேட் வரார். பெரிய கை. அவர் ஒரு தடவை எழுந்து நின்னா என்ன ஃபீஸ் தெரியுமா? உன் ஒரு வருஷச் சம்பளம். நீங்க தோத்தா அந்த ஃபீஸ் அத்தனையும் உங்க தலைல. அதுக்குப் பேர் காஸ்ட்ஸ். மாடம்பாக்கத்துல உனக்கு ஒரு வீடு இருக்காமே?"

இருந்தது, கன்னியம்மாவுக்கு அந்த ஒரு வீடுதான். கோயிலுக்குப் பின்தெருவில் இரண்டு அறை. புருஷன் செத்த பிறகு சலவை மூட்டை தூக்கியே கூரையை மாற்றிக் கட்டியது.

"இல்லேன்னா ஒரு மன்னிப்புக் கடிதம். யார் தூண்டிவிட்டான்னு மத்தவங்க எழுதிக் குடுத்தா கேஸ்லேர்ந்து அவங்க பேரை எடுத்துடுவேன். நீயும் அழுது எழுதிக் குடு, யோசிக்கிறேன்."

அழுது எழுத வேண்டுமாம். எழுத்தில் கண்ணீர் தெரியுமா என்று பார்ப்பார் போலிருக்கிறது. எழுந்து வந்துவிட்டாள். ஆனால் வழியெல்லாம் வீடு வீடு என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. மற்றவர்களுக்கும் கிரீஷ் அதே செய்தியை ஆள்விட்டுச் சொல்லியிருந்தார். இரண்டு பேர், "எழுதிக் குடுத்துட்லாமாக்கா?" என்று அவளிடமே வந்து கேட்டார்கள். அவளால் கோபப்பட முடியவில்லை.

மேற்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் வக்கீல் பிளஸ்ஸியின் அறை. நாற்காலி போதாமல் பாதிப் பேர் மாடிப்படியில் நின்றார்கள். கன்னியம்மா சீனியர் வக்கீல் செலவைப் பற்றிச் சொன்னதும் பிளஸ்ஸி பேனாவை மூடி வைத்தாள்.

"அவர் சீனியருக்கு எவ்வளவு வேணா குடுக்கட்டும் அக்கா. அது அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற காதல். உங்களுக்கு அதுல பங்கே இல்ல."

"தோத்தவங்க தான் தரணும்னாரே?"

"தோத்தவங்க செலவுத் தொகை தரணும்னு கோர்ட் வழக்கமா எழுதும், நிஜம். அதுல வக்கீல் ஃபீஸும் சேரும். ஆனா அது எவ்வளவுன்னு வக்கீல் போட்டிருக்கிற ஷூவைப் பார்த்து எழுத மாட்டாங்க. வழக்கோட மதிப்புக்கு ஒரு விகிதம், விதியிலேயே முன்கூட்டிப் போட்டிருக்கு. நான் வந்து நின்னாலும் அதான். டெல்லிலேர்ந்து ஃப்ளைட்ல வந்து நின்னாலும் அதான்."

"ஆட்டோ மீட்டர் மாரியா மேடம்?" என்றான் சேட்டு.

"எந்த ஊர்ல ஆட்டோ மீட்டர் போடுது சேட்டு அண்ணா? பஸ் டிக்கெட்டுன்னு வச்சுக்கோங்க. வைர நெக்லஸ் போட்டுக்கிட்டு ஏறினாலும் டிக்கெட் அதே டிக்கெட். நெக்லஸ் காசைப் பக்கத்துல உக்காந்திருக்கிறவங்ககிட்ட கேக்க முடியாது."

படிக்கட்டு வரை சிரிப்புப் போயிற்று. பிளஸ்ஸி சிரிக்கவில்லை.

"முழுசாக் கேளுங்க. அவர் ஜெயிச்சா, அவர் கட்டின கோர்ட் கட்டணமும் சேரும்; அது சின்னதில்ல. கேட்ட நஷ்டஈடும் உண்டு. ஆனா நஷ்டத்தை அவர் ஆதாரத்தோட நிரூபிக்கணும். கம்பியைக் கழட்டினவர் அதை எப்படி நிரூபிக்கிறார்னு பார்ப்போம்."

"நாம ஜெயிச்சா?"

"நமக்கும் அதே விகிதம்தான். நீங்க அலைஞ்ச அலைச்சலுக்கும் போன கூலிக்கும் ஒண்ணும் வராது. வேணும்னே போட்ட பொய் வழக்குன்னு கோர்ட்டே சொன்னாலும், அதுக்குச் சட்டம் வச்சிருக்கிற நஷ்டஈடு அவர் காபிச் செலவுக்குக் காணாது. பணக்காரன் பயமுறுத்தறது மலிவு அக்கா, இந்த நாட்டுல. அதனால தனித்தனியா வக்கீல் வைக்காதீங்க. அந்தச் செலவு திரும்பி வராது. எல்லாருக்கும் ஒரே வக்காலத்து, ஒரே பதில். ஜோசலின் கைக்கான நஷ்டஈட்டைத் தொழிலாளர் துறைல தனியாப் போடுவோம். அப்புறம், சங்கம் வையுங்க. கோர்ட்டை மட்டும் நம்பி உக்காராதீங்க."

கன்னியம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இல்லாத பேயைக் காட்டி எத்தனை நாள் தூக்கத்தைத் திருடியிருக்கிறான்! படித்தவன், வெளிநாடு போய் வந்தவன். அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தே சொன்னான். ஏழைக்கு விதி தெரியாது என்பதுதான் அவன் முதலீடு.

அங்கேயே எல்லாரும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார்கள். எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்ட இரண்டு பேர்தான் முதலில் போட்டார்கள்.

சாயங்காலம் அவள் கஞ்சி எடுத்துக்கொண்டு ஜோசலின் வீட்டுக்குப் போனாள். இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். கட்டுப் போட்ட வலக்கையைத் தலையணை மேல் வைத்து அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் டெனிஸ் வாசலில் நின்றான்.

"மொதலாளி வந்தாருக்கா," என்றாள் ஜோசலின். "ஆப்பிள் வாங்கினு வந்தாரு. போன் பேசிக்கினே கைய வுட்டேன், மெஷின் மேல தப்பில்லன்னு எழுதிக் குடுத்தா ஆபரேசன் செலவெல்லாம் பாத்துக்கிறேன்னாரு. கையெழுத்துப் போட்ற கைதான் பூட்டுச்சேன்னேன். ரேகை வெச்சா போதும்னு பையிலேர்ந்து மை டப்பாவ எடுத்தாரு."

கையை நசுக்கியவன் மை டப்பாவோடு வந்திருக்கிறான், மிச்சமிருக்கும் விரலையும் எடுத்துக்கொண்டு போக.

"நீ இன்னா சொன்ன?"

"யோசிச்சு சொல்றேன்னேன்." ஜோசலின் முகத்தைத் திருப்பினாள். "நான் வெச்சுக் குடுத்தா உங்க வூடு பூடுமாக்கா?"

பூடும் என்று சொல்லியிருக்கலாம். கிரீஷ் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

"அந்தப் பெரிய வக்கீலுக்காவ பூடாது, அது பொய்யி. ஆனா கேஸு தோத்தா கஷ்டந்தான். நீ ரேகை வெச்சா, உன் கைக்குக் கேக்கற நஷ்டஈடும் அடிபட்டுப் பூடும். அதுக்காவ நான் ஒண்ணும் கேக்க வர்ல ஜோசலின். உன் கை, உன் முடிவு. கஞ்சி ஆறிடும், குடி."

டெனிஸ் கஞ்சிப் பாத்திரத்தை வாங்கி ஜோசலினுக்கு ஊட்டினான்.

வாய்தா அன்று கோர்ட் வராந்தா நிரம்பி வழிந்தது. கிரீஷின் சீனியர் வந்தார். பின்னால் புத்தகம் தூக்க ஒருவர், தண்ணீர் தூக்க ஒருவர். வழக்கைக் கூப்பிட்டார்கள். பிளஸ்ஸி எல்லாருக்கும் சேர்த்து ஒரே வக்காலத்தைத் தாக்கல் செய்து, பதிலுரைக்கு அவகாசம் கேட்டாள். சீனியர் எழுந்தார். அங்கி மினுங்கியது. "ஆட்சேபணை இல்லை" என்றார். உட்கார்ந்தார். நீதிபதி தேதி கொடுத்தார். அவ்வளவுதான்.

வராந்தாவுக்கு வந்ததும் சேட்டு மெல்லக் கேட்டான்: "எந்திரிச்சி நின்னாரே, அதுக்காக்கா உன் ஒரு வருசச் சம்பளம்?"

"அதுக்குத்தான்."

"அத யாரு குடுப்பாங்க?"

அத்தனை தலைகளும் கிரீஷ் பக்கம் திரும்பின. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள், முடியவில்லை. சிரிப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பற்றியது. கிரீஷின் கழுத்து சிவந்தது.

"சிரிங்க, சிரிங்க. லெட்டர் குடுக்கிறவங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் டைம் இருக்கு. அந்த ஜோசலின் பொண்ணு எனக்குத்தான் சாட்சி சொல்லப்போறா."

அப்போது படிக்கட்டோரம் டெனிஸின் ஆட்டோ வந்து நின்றது. ஜோசலின் இறங்கினாள். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, நேரே பிளஸ்ஸியிடம் வந்தாள்.

"மேடம், அந்தக் கம்பிய இவரு கழட்டச் சொன்னப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன். அத நான் எப்ப வந்து சொல்லணும்?"

"கோர்ட் கூப்பிடும்போது சொல்லலாம்மா."

"சொல்றேன்." கிரீஷ் இருந்த பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை.

சீனியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காருக்கு நடந்தார். கன்னியம்மா ஜோசலினின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். தேதி தள்ளிப் போயிருந்தது, கதவில் பூட்டு அப்படியே தொங்கியது, அடுத்த வாரத்து அரிசிக்கு வழி தெரியவில்லை. ஆனாலும் அவள் கிரீஷ் பக்கம் திரும்பினாள்.

"சார், அடுத்த வாய்தாவுக்கும் மறக்காம இந்தப் பெரிய வக்கீலையே கூட்டினு வாங்க. நாங்க அத்தினி பேரும் வர்றோம்."