பேச்சில்லாத பாதி

முதல் வருஷப் பிள்ளைகளின் பேரைச் சீட்டில் எழுதி, பீக்கரில் போட்டுக் குலுக்கியது நான்தான். பாதிப் பேர் புதன்கிழமைதோறும் என்னிடம் வந்து மனம்விட்டுப் பேசலாம். மீதிப் பாதிக்கு அது கிடையாது. வருஷக் கடைசியில் ரெண்டு பாதியையும் ஒப்பிட்டு, யார் நன்றாகப் படித்தார்கள், யார் நிம்மதியாகத் தூங்கினார்கள், யார் படிப்பை விட்டு ஓடினார்கள் என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. பேச்சால் பலன் உண்டென்று நிரூபித்தால் புதன்கிழமை எல்லோருக்கும் நிரந்தரம். இல்லாவிட்டால் ஊத்தி மூடிவிடுவார்கள்.

உயிரியல் துறையில் லேப் எடுக்கிறவள் நான். வாய் கொஞ்சம் நீளம். பிள்ளைகள் எனக்கு வைத்த பேர் மிளகாய் அக்கா. எனக்குத் தெரியாதென்று நினைப்பு, கழுதைகளுக்கு! இந்த ஆராய்ச்சிக்காக நான் இவ்வளவு மல்லுக்கட்டியதற்குக் காரணம் என் தம்பி. இதே துறையில் படித்தவன். மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தாலே அவனுக்குக் கை நடுங்குமாம். அப்போது யாரிடமும் அவன் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஒருநாள் பெட்டியோடு வீட்டுக்கு வந்து அறைக்குள் போனவன்தான். அம்மா இன்னமும் சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியேதான் வைக்கிறாள்.

முடிவு வந்தது. ரெண்டு பாதிக்கும் வித்தியாசமே இல்லை.

"பேச்சால பலன் ஒண்ணும் இல்லம்மா. மூடிடலாம்" என்றார் எங்கள் துறைப் பேராசிரியர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஒன்று இடித்தது. முந்தைய வருஷங்களைவிட ரெண்டு பாதியுமே நன்றாகத் தேறியிருந்தன. பேசின பாதி சரி, பேசாத பாதிக்கு என்ன வந்தது?

அந்தப் பாதியில் 'குச்சி' என்று ஒருத்தி. ஆரம்பத்தில் லேப் வாசலைப் பார்த்தாலே அழுதுகொண்டு ஓடுவாள். இப்போது பாட்டுப் பாடிக்கொண்டு பீக்கர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏய், நீ எப்படிடி தேறினே?"

திருதிருவென்று முழித்தாள். "திட்ட மாட்டீங்களே அக்கா? என் ரூம்மேட் உங்ககிட்ட பேசிட்டு வந்து, நீங்க சொன்னதெல்லாம் எனக்கும் சொல்லுவா. உங்க குரல்லயே. 'அழுகை வந்தா அழுது தொலை, அழுதுட்டு வந்து உட்காரு'ன்னு. ஹாஸ்டல்ல எல்லா ரூம்லயும் இதேதான் நடக்குது. அவ மட்டும் சொல்லலேன்னா நான் எப்பவோ பெட்டியக் கட்டியிருப்பேன் அக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லேபில் ஒரு தட்டில் வளர்க்கிற கிருமி அடுத்த தட்டுக்குத் தாவிவிடக் கூடாதென்று படாத பாடு படுகிறவர்கள் நாங்கள். பேசுகிறவளையும் பேசக் கூடாதவளையும் ஒரே அறையில் படுக்க விட்டிருக்கிறோமே! தலையில் அடித்துக்கொண்டேன்.

ஓடிப்போய்ச் சொன்னேன். பேராசிரியர் முகம் மலர்ந்தது. கெட்ட மனுஷர் இல்லை அவர்.

"அப்போ மூட வேண்டாம். புதுசா வர்றவங்கள வெச்சுத் திரும்பச் செய்வோம். இந்தத் தடவை பேசாத பாதியைத் தனி ஹாஸ்டல்ல போட்டுடலாம். ஒரு வார்த்தைகூட அவங்க காதுல விழக் கூடாது. அப்பதான் வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும்."

காலேஜ் திறந்த அன்று புதுப் பிள்ளைகளின் சீட்டுகள் பீக்கரில் தயாராக இருந்தன. பேராசிரியர் அதை என் பக்கம் நகர்த்தினார். பேசாத பாதியை எடுக்க நானும் உள்ளே கையை விட்டேன். பெட்டியக் கட்டியிருப்பேன் என்று குச்சி சொன்னது காதிலேயே நின்றது. கையை எடுத்துவிட்டேன்.

"சார், ஒரு பேச்சும் போய்ச் சேராத ஆள் எங்க வீட்டுல ஒருத்தன் இருக்கான். என் தம்பி. வித்தியாசம் பார்க்கணும்னா வந்து அவனைப் பாருங்க. இன்னொரு புள்ளைய என் கையால எடுத்துத் தர மாட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு ஆளை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாதும்மா" என்றார் மெதுவாக.

"தெரியும் சார். ஆனா எனக்கு இருக்கிறதே அந்த ஒரு தம்பிதான்."

கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பீக்கரை மேஜையில் கவிழ்த்தார். சீட்டுகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டி அள்ளி என் கையில் வைத்தார்.

"எல்லாருக்கும் புதன்கிழமைன்னு சொல்லிடு" என்றார்.