டாங்கிக்குள் ஒரு வாவி

டஸ்டினின் கராஜில் குளிர்ச்சியாக ஓடுகிற கணினி, எறிக்காவின் அறைக்கு வந்ததும் சூடேறி நின்றுவிடுகிறது. ஏன் என்று கணவனுக்கும் விளங்கவில்லை, மனைவிக்கும் விளங்கவில்லை.

இரண்டு இடத்துக்கும் நடுவே இருப்பது ஒரு முற்றமும் ஒரு முருங்கை மரமும்தான். கராஜ் கல்லடித் தெருவைப் பார்த்திருக்கிறது. அறையின் ஜன்னல் வாவியைப் பார்த்திருக்கிறது. கணினிக்கு இரண்டு சில்லுகள் இருப்பதால் உருட்டிக்கொண்டு போவதும் வருவதும் சுலபம். அந்த வாரம் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே போனால் சுகம். இங்கே வந்தால் வருத்தம்.

தூரத்தில் இருந்து பார்த்தால் அது மோட்டார் சைக்கிள்தான். எஞ்சின் செத்துப்போய்க் கராஜின் மூலையில் கிடந்த ஒன்றை டஸ்டின் கழுவி, சுரண்டி, கறுப்புப் பூச்சு அடித்து எடுத்திருந்தான். எஞ்சின் இருந்த இடத்தில் இப்போது ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் கணினியின் பலகைகள். முன்சில்லுக்குப் பின்னால், ஓடும்போது காற்று வந்து மோதுகிற இடத்தில், ஒரு றேடியேற்றரும் மூன்று விசிறிகளும். பெற்றோல் டாங்கிக்குள் தண்ணீர். வேகம் காட்டிய முள், இப்போது சூட்டைக் காட்டியது.

கணினிக்கும் தண்ணீருக்கும் ஆகாது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இங்கே இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. கணக்குப் போடுகிற சிப்பின் அகலம் இரண்டு விரல் இருக்கும். வேலை கூடினால் கைவைக்க முடியாத அளவுக்குச் சுடும். அதன் முதுகில் ஒரு செப்புத் தகடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தகட்டின் உள்ளே, சீப்பின் பல்லிடுக்குப் போல மெல்லிய வாய்க்கால்கள். டாங்கியில் இருந்து பம்ப் தள்ளிவிடுகிற தண்ணீர் அந்த வாய்க்கால்களுக்குள் நுழைந்து சூட்டை வாங்கிக்கொள்கிறது. பிறகு றேடியேற்றருக்குப் போய் அதைக் காற்றில் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு டாங்கிக்குத் திரும்பி வருகிறது. தண்ணீர் செய்வது ஒரு சுமைகாரனின் வேலை. எறிக்கா அதில் கொஞ்சம் பச்சைச் சாயம் கலந்திருந்தாள். கண்ணாடிபோன்ற குழாய்களுக்குள் அது ஓடும்போது, விடியற்காலை வாவியை யாரோ நூலாக நூற்றுச் சுற்றி வைத்ததுபோல இருக்கும்.

புதன்கிழமை பின்னேரம் மறுபடியும் கணினி அணைந்தது. டஸ்டின் கையில் இருந்த கிறீஸைத் துணியில் துடைத்தபடி அறைக்குள் வந்தான்.

"திரும்பவும் நிண்டுட்டா?"

"நிண்டுட்டு. நீங்க கட்டின குதிரை கொஞ்சத்தூரம் ஓடி மறுகா படுத்திட்டு."

"கராஜில நல்லாத்தானே ஓடிச்சி."

"அப்ப அதுக்கு உங்களத்தான் பிடிச்சிருக்கு. என்னைப் பிடிக்கல்ல. மாமியார் மாதிரி நிக்கிது பாருங்க."

டஸ்டின் சிரித்துக்கொண்டே வண்டியின் பக்கத்தில் போய் நின்று, டாங்கி மூடியைத் திறந்து, டோர்ச் அடித்துப் பார்த்தான்.

"தண்ணி கிடக்கு. இஞ்ச வந்து பார், மினுங்குது."

அவளும் அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பச்சைத் தண்ணீர் மினுங்கத்தான் செய்தது. ஒழுக்கு எங்கும் இல்லை. அணையும்வரை பம்ப் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"அப்ப கச்சான்தான்," என்றான் அவன். மேற்கில் இருந்து வருகிற அந்தச் சூட்டுக் காற்று சில நாட்களாக ஊரையே உலர்த்திக்கொண்டிருந்தது.

"கச்சான் உங்கட கராஜுக்குள்ள வராதோ? கேற் பூட்டியிருக்கோ?"

டஸ்டின் போய் வீட்டு மின்சாரத்தை அளந்து பார்த்தான், சரியாக இருந்தது. ஜன்னலில் ஈரச் சாக்கு கட்டினான். அறை குளிர்ந்தது, முள் குளிரவில்லை. கணினியைக் கராஜிலேயே விட்டுவிடலாம் என்றால், பக்கத்து டயர் கடையின் கொம்பிரசர் ஓடத் தொடங்குகிற ஒவ்வொரு முறையும் அங்கே லைற் மங்கும். கணினி அணைந்து திரும்ப எழும்பும். செய்த வேலை பாதியில் போகும்.

பாதியில் போகக்கூடாத வேலை அது. கொழும்பில் அசையும் படங்கள் செய்கிற ஒரு நிறுவனம் எறிக்காவிடம் ஒரு சிறு காட்சி கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் அதை வீட்டுக் கணினியில் முடித்து அனுப்பினால், இனி வீட்டில் இருந்தே வேலை செய்யலாம். முடியாவிட்டால் திங்கட்கிழமை கொழும்புக்கு வந்து, அலுவலகத்தின் கணினி முன்னால் உட்கார வேண்டும். டஸ்டினின் கராஜ் கல்லடியை விட்டு நகராது. கலியாணம் கட்டி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. அலுமாரிக்கு மேலே இருந்த பயணப் பையை எறிக்கா செவ்வாய்க்கிழமை இறக்கித் தூசு தட்டினாள். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் டஸ்டின் அதைத் திரும்பவும் மேலே ஏற்றிவிட்டிருந்தான்.

அவள் செய்த காட்சி, வாவிக்கு அடியில் படுத்துக்கொண்டு மேலே பார்க்கிற காட்சி. தலைக்கு மேலே தண்ணீரின் தோல் வெள்ளியாக நெளிகிறது. ஒரு தோணியின் அடிவயிறு மெல்ல வருகிறது. துடுப்பு உள்ளே இறங்க, ஒளி உடைந்து துண்டு துண்டாகக் கீழே விழுகிறது. கரையோரக் கண்டல் மர வேர்களின் மேல் அந்தத் துண்டுகள் ஊர்கின்றன. இதைக் கணினி வரைவதில்லை. கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறது. பார்க்கிற கண்ணில் இருந்து ஒரு கோடு புறப்படுகிறது. அது தண்ணீரில் எங்கே வளைகிறது, எந்த வேரில் படுகிறது, கடைசியில் சூரியனைப் போய்ச் சேர்கிறதா என்று பின்னோக்கித் தேடிப் போகிறது. ஒரு படத்துக்கே கோடிக்கணக்கான கோடுகள். இமைக்கும் நேரத்துக்குள் ஓடிப்போகிற காட்சிக்குக்கூடப் பல படங்கள் வேண்டும். எல்லாம் முடிய ஒரு பகலும் ஓர் இரவும் நிற்காமல் ஓட வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் கச்சான் ஓய்ந்தது. டஸ்டின் கணினியைக் கராஜில் இருந்து உருட்டிக்கொண்டு வந்து விட, எறிக்கா வழக்கம்போல அதைப் பின்னுக்கு இழுத்து டபுள் ஸ்டாண்டில் ஏற்றினாள். இரண்டு காலிலும் அது நேராக நின்றது. சைட் ஸ்டாண்டின் ஒற்றைக் கால் சிவப்புப் பூச்சு நிலத்தில் குழி போடும். அதோடு, பக்கத்தில் ஒரு பொருள் சரிந்து நின்றால் அவளுக்குத் திரையில் உள்ள கோடுகளும் சரிவாகத் தெரியும். அவள் வேலையைத் தொடக்கிவிட்டு ஜன்னலில் தலை சாய்த்தாள்.

வாவி அசையாமல் கிடந்தது. அக்கரைத் தென்னைகள் தலைகீழாக அதற்குள் நின்றன. அவளுக்குக் கண் சொருகியது. அவள் வாவிக்கு அடியில் படுத்திருந்தாள். தண்ணீர் அவளை நனைக்கவில்லை. மேலே ஒரு தோணி கட்டிக் கிடந்தது. சின்ன அலைகள் அதன் விலாவில் களக், களக் என்று மோதின. அவள் கையை உயர்த்தி ஒளியைத் தொட்டாள். அது வெதுவெதுப்பாக இருந்தது, பிறகு சுட்டது. களக், களக், களக்.

கண்ணைத் திறந்தாள். அலை இல்லை. கரையில் தோணியும் இல்லை. ஆனால் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது, அவளுக்குப் பின்னால், பம்புக்குள் இருந்து. இத்தனை நாளும் அதை ஜன்னலுக்கு வெளியே இருந்து வருகிற வாவியின் சத்தம் என்றே நினைத்திருந்தாள்.

பம்ப் காற்றை விழுங்குகிறது. அது விளங்கியது. டாங்கிக்குள் தண்ணீர் இருக்கும்போது காற்றை ஏன் விழுங்க வேண்டும்? அது விளங்கவில்லை. முள் ஏறத் தொடங்கியிருந்தது. அவள் வேலையை நிறுத்தினாள்.

அந்த நேரம் வாவிக்கரை ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் இருமிக்கொண்டு வந்து, ஜன்னலுக்கு நேரே நின்றுபோனது. மீன் வியாபாரி ஆதம்பாவா, அண்ணன் முறையில் ஊரே 'காக்கா' என்று கூப்பிடுகிறவர். பின்னால் மீன் பெட்டி. சத்தம் கேட்டு டஸ்டின் முற்றத்தைச் சுற்றிக்கொண்டு வந்தான்.

"என்ன காக்கா, பைக் நித்திரையா?"

"நித்திரை இல்ல தம்பி, பசி. பெற்றோல் முடிஞ்சி. நீ ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு வராத, இதுக்கு வைத்தியம் எனக்குத் தெரியும்."

ஆதம்பாவா இறங்கி, வண்டியைத் தன் இடுப்போடு அணைத்து, இடப்பக்கமாக நன்றாகச் சரித்தார். மீன் பெட்டியில் இருந்த ஐஸ் தண்ணீர் சளசளவென்று ஒழுங்கையில் கொட்டியது.

"காக்கா, மீன் தண்ணி எல்லாம் எங்கட ஜன்னலுக்குக் கீழயா?" என்றாள் எறிக்கா.

"வாவில பிடிச்ச மீன்தானே தங்கச்சி, தண்ணியும் வாவிக்கே போகட்டும். மணத்துக்குக் காசி இல்ல."

அவர் வண்டியை நிமிர்த்தி ஓர் உதை உதைத்தார். பிடித்துக்கொண்டது.

"பெற்றோல் செட் வரைக்கும் போகும்," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

எறிக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டாள்: "என்னத்துக்கு அவர் பைக்கைச் சரிச்சவர்?"

"இது தெரியாதா உனக்கு? பெற்றோல் இல்லாம ஊரே வரிசையில நிண்ட காலத்தில எல்லாரும் செஞ்சதுதானே." டஸ்டின் இரண்டு கையையும் கவிழ்த்து, நடுவில் இடைவெளி விட்டுக் காட்டினான். "டாங்கி மேல ஒண்டுதான். கீழ ரெண்டு வயிறு. நடுவில வண்டிட முதுகுப் பைப் போகுது, அதுக்கு இடம் விட்டு அடித்தகடு மேடா நிக்கும். பெற்றோல் வெளிய வாற வாய் இடப்பக்க வயித்தில மட்டும்தான். குறைஞ்சி போனா, வலப்பக்க வயித்தில கிடக்கிறது மேட்டைத் தாண்ட ஏலாது. அதான், இடப்பக்கம் சரிச்சா..."

அவன் கைகள் அப்படியே நின்றன.

"சொல்லுங்க."

"சரிச்சா, மேட்டைத் தாண்டி இடப்பக்கம் வந்திரும்."

இருவரும் அறைக்குள் திரும்பிப் பார்த்தார்கள். கணினி டபுள் ஸ்டாண்டில் நேராக நின்றது.

"கராஜில நீங்க இதை எப்பிடி நிப்பாட்டிற?"

"சைட் ஸ்டாண்டில. பைக் எண்டா கை தன்பாட்டில அதைத்தானே தட்டும்."

"எந்தப் பக்கம் சரியும்?"

"இடப்பக்கம்தான்," என்றான் டஸ்டின். பிறகு, "ஐயோ எறிக்கா," என்றான்.

அவன் முற்றத்தைச் சுற்றி ஓடிவந்தான். டாங்கி மூடியைத் திறந்தான். மோட்டார் சைக்கிளில் ஏறுகிறவர்கள் எல்லோரும் இடப்பக்கம்தான் நிற்பார்கள். அவனும் பழக்கத்தில் அங்கேதான் நின்றான். அங்கிருந்து மூடியின் வாய்க்குள் சரிவாகப் பார்த்தால் கண்ணுக்குப் படுவது எதிர்ப்பக்கம், வலப்பக்க வயிறு. அதில் தண்ணீர் தளும்பியது. இந்தத் தடவை அவன் வலப்பக்கம் போய் நின்று டோர்ச் அடித்தான். இடப்பக்க வயிற்றின் அடியில் ஒரு மெல்லிய பச்சைப் படலம்தான் கிடந்தது.

பம்ப் உறிஞ்சுவது இடப்பக்கத்தில் இருந்து. சூட்டை இறக்கிவிட்டுத் திரும்புகிற தண்ணீர் விழுவது வலப்பக்கத்தில். நேராக நிறுத்தினால், வலப்பக்கம் மேட்டின் உயரத்துக்கு நிறையும்வரை இடப்பக்கம் வற்றும். கராஜில் இருந்த பற்றரித் தண்ணீர்ப் போத்தல்களை மட்டும் டஸ்டின் ஊற்றியிருந்தான். அது இரண்டு வயிற்றுக்கும் போதவில்லை. வேலை குறைவாக இருக்கும்போது பம்ப் மெதுவாகச் சுற்றும், அந்தப் படலமே போதும். படங்களைக் கணக்குப் போடத் தொடங்கியதும் சூடு ஏறும், பம்ப் வேகம் பிடிக்கும், தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். காற்றால் சூட்டைச் சுமக்க முடியாது. சூடு இன்னும் ஏறும், பம்ப் இன்னும் வேகமாகச் சுற்றும், இன்னும் காற்றை விழுங்கும்.

"இன்னும் ரெண்டு போத்தல் ஊத்தினா?" என்றாள் எறிக்கா.

"அதுவும் சரிதான். ஆனா டவுனுக்குப் போய் வாங்கி வரணும். நீ இப்பவே தொடங்கணும். பிடி."

அவள் வேலையைத் தொடக்கினாள். பம்ப் விக்கியது. முள் ஏறியது. டஸ்டின் பின்பக்கத்தைத் தாங்க, எறிக்கா கைபிடியைப் பிடித்து முன்னுக்குத் தள்ளினாள். வண்டி டபுள் ஸ்டாண்டில் இருந்து இறங்கியது. இருவருமாக அதை மெல்ல இடப்பக்கம் சரித்தார்கள். டாங்கிக்குள் ஏதோ புரண்டு படுத்தது. குழாய்களுக்குள் குமிழிகள் பாசிமணி கோர்த்ததுபோல வரிசையாக ஓடி, றேடியேற்றரைக் கடந்து, டாங்கிக்குள் போய் மேலெழுந்து உடைந்தன; மேலே போன காற்று மேலேயே தங்கிவிட்டது. களக் சத்தம் நின்றது. குழாய்களில் பச்சை மட்டும் ஓடியது. முள் தயங்கி நின்று, பிறகு இறங்கத் தொடங்கியது.

"விட்டிராத," என்றான் டஸ்டின்.

"நீங்க என்ன, நாளைப் பின்னேரம் வரைக்கும் ரெண்டு பேரும் இப்பிடியே கட்டிப்பிடிச்சிக்கிட்டு நிப்பமா?"

"எனக்கு ஒண்டும் இல்ல. கராஜை வேணுமெண்டா பூட்டுறன்."

"கால எடுத்து ஸ்டாண்டைத் தட்டுங்க மனுசா."

திரையில் முதல் படம் மேலிருந்து கீழாகத் தெளிந்து வந்தது: வெள்ளித் தோல், தோணியின் அடி, உடைந்த ஒளி. பிறகு அடுத்தது. பொழுது சாயும்போதும் ஓடியது. மறுநாள் வெயில் ஏறிய பிறகும் ஓடியது. வெள்ளிக்கிழமை வாவி செம்மஞ்சளாகும் முன்பு அவள் காட்சியை அனுப்பினாள். திங்கட்கிழமை கொழும்புக்கு வரத் தேவையில்லை, அடுத்த வேலையை வீட்டுக்கே அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. டஸ்டின் அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டான்.

அவர்கள் செய்தது இவ்வளவுதான்: கணினியை டபுள் ஸ்டாண்டில் நேராக நிறுத்தாமல், சைட் ஸ்டாண்டின் காலுக்குக் கீழே ஒரு தகரத் துண்டை வைத்து, இடப்பக்கம் சரித்து நிறுத்தினார்கள். வலப்பக்க வயிற்றில் தேங்கிய தண்ணீர் மேட்டைத் தாண்டி இடப்பக்கம் வந்து, பம்ப் உறிஞ்சுகிற வாயை எப்போதும் மூடி நின்றது.