மூன்றரைச் சுவரும் ஒரு கணுக்காலும்

அமெரிக்காவின் தெற்கு யூட்டாவில் எங்கள் ஊர்க்காரர்கள் மனைவியின் வயதைக்கூடச் சொல்லிவிடுவார்கள். தாங்கள் கண்டுபிடித்த இடிபாடு எந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஓய்வுபெற்ற பல் டாக்டர் லாமார் இதில் மகான். எண்ணூறு ஆண்டுகளாக மனிதக் கால் படாத கல்வீடு ஒன்றை அவர் கண்டுபிடித்திருந்தார். அதைக் கட்டிய பழங்குடியினரின் வாரிசுகள் மூன்று மணி நேரத் தொலைவில் வீடும் வாசலுமாக இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை.

ஜூன் மாதத்தில் ஒருநாள் காலை அவர் தன் மனைவி ஜனீனையும் என்னையும் அங்கே அழைத்துப் போனார். கைபேசிகள் வண்டியிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பாதை கிடையாது, முள், வழுக்குப் பாறை, மறுபடியும் முள். மூன்று மணி நேரம் கழித்து, ஒரு பாறை இடுக்கில் மூன்றரைச் சுவர் தெரிந்தது.

லாமார் தொப்பியைக் கழற்றினார். "சத்தம் போடாதீங்க. இங்க நாம பேசுற முதல் வார்த்தை நல்லதா இருக்கணும்."

அடுத்த அடியில் ஆடும் கல்லொன்றில் கால் வைத்து உருண்டார். முதல் வார்த்தை நல்லதாக இல்லை.

கணுக்கால் கத்தரிக்காய் போல வீங்கிவிட்டது. அவர் பையில் செயற்கைக்கோள் கருவி இருந்தது. பொத்தானை அழுத்தினால் மீட்புக் குழு வரும். ஜனீன் அதை எடுத்தாள்.

"தொடாதே! அழுத்தினா இந்த இடம் எங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

"தெரியாம எப்படி வருவாங்க லாமார், மோப்பம் பிடிச்சா? தண்ணி ஒரு லிட்டர்தான் இருக்கு. வெயில் நூறைத் தாண்டிடுச்சு."

"என்னைக் கீழ ஓடை வரைக்கும் தூக்கிட்டுப் போங்க. அங்க அழுத்திக்கலாம்."

"யோவ், ஒரு மைல் இருக்கும்யா!" என்றேன் நான்.

"இதைக் கட்டினவங்க இதைவிடப் பெரிய பாரமெல்லாம் சுமந்தாங்க" என்றார் பாரம்.

சுமந்தோம். இரண்டரை மணி நேரம். வழியிலேயே தண்ணீர் தீர்ந்தது. ஜனீனுக்குத் தலை சுற்றியது. வறண்ட ஓடையில் நிழல் தந்தது ஒரே ஒரு மரம். அதன் அடியில் அவரைக் கிடத்திப் பொத்தானை அழுத்தினோம்.

மாலையில் மீட்புக் குழு வந்தது. தலைவி டோனா, ஊரில் டயர் கடை வைத்திருப்பவள். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினாள்.

"மேல இருக்கிற கல்வீடா, டாக்டர்?"

"எந்த வீடு?"

"வாசல்ல ஒரு கல்லு ஆடுமே."

லாமார் வானத்தைப் பார்த்தார்.

"இந்த வருஷம் இந்த மரத்தடியில நீங்க நாலாவது ஆளு. கால் உடையறது மேல, பொத்தானை அழுத்தறது இங்க. போன மாசம் ஒரு பேராசிரியர் தவழ்ந்தே வந்து சேர்ந்தார். மேலயே அழுத்தியிருந்தீங்கன்னா ஹெலிகாப்டர் இறங்க நல்ல பாறை இருக்கு. இப்போ நாலு மைல் உங்களைத் தூக்கணும்."

அதுவரை ஒரு முனகல்கூட விடாமல் வந்த லாமார், அப்போதுதான் வலிக்கிறது என்றார்.