வெள்ளிமலை வீட்டுக்கு அட்வான்ஸ்

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியதும் என் வீட்டுக்காரர் ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டார். கார்த்திகை மாதக் குளிர் நேராக என் முகத்தில் வந்து அடித்தது. "சாத்துங்க" என்றேன். காதில் விழவில்லை. மடியில் இருந்த ரெக்ஸின் பையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையை வெளியே நீட்டி மேகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் அதட்டிய பிறகுதான் கையை உள்ளே இழுத்தார். பைக்குள் அட்வான்ஸ் பணம் இருந்தது.

அவர் பெயர் தெய்வசிகாமணி. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பார் என் மாமியார். எழுதினால் பரவாயில்லை என்று நினைக்கிறேன். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் பாகு காய்ச்சும் இடத்தில் முப்பத்தைந்து வருஷம் நின்று, ஆடி மாதம் ஓய்வு பெற்றார். அந்த அனலில் நின்று நின்று அவருக்கு ஒரே ஒரு ஆசை முளைத்திருந்தது. "மலைமேல நமக்குன்னு ஒரு வூடு. காத்தால எழுந்து பனிய பாத்துக்கினு குந்தினு இருக்கணும்." இதைச் சொல்லும்போது கண் எங்கேயோ போய்விடும். சம்பளமில்லாமல் அவர் பார்த்த ஓவர்டைம் இந்தக் கனவு ஒன்றுதான்.

நான் கண்ணகி. எனக்கு வேறு ஆசை. பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் தபால் ஆபீசில் மூத்த குடிமக்கள் கணக்கில் போக வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வட்டி கைக்கு வர வேண்டும். பென்ஷன் வருகிறதே என்பீர்கள். அந்தப் பென்ஷன் பாலுக்கும் கரண்டுக்கும் மாத்திரைக்கும் போய்விடும். மீதிப் பணத்தையும் மலைமேல் கொண்டுபோய்க் கொட்டிவிட்டால் பனியையா பிசைந்து சாப்பிடுவது? இதையே சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. "ஒரு தபா வந்து பாரு. அப்புறம் பேசு" என்றார். சரி, நேரில் வந்து கெடுத்துவிடலாம் என்றுதான் நானும் பஸ் ஏறினேன்.

வெள்ளிமலையில் சின்னக்கண்ணு காத்திருந்தார். மலைக்காரர், வீட்டின் சொந்தக்காரர், என் வீட்டுக்காரரைவிட வயதில் இளையவர். அவர் முன்னால் நடக்க நாங்கள் பின்னால் போனோம். பாதை முழுக்கப் பனி. சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து நின்று, மறுபடி உள்ளே போய்விட்டன. எங்கோ மாட்டு மணி கேட்டது, மாட்டைக் காணோம். என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கவில்லை. நடக்கிறேனா, நிற்கிறேனா என்று சந்தேகம் வந்துவிட்டது.

வீடு என்றால் இரண்டு அறை, ஓட்டுக் கூரை, பக்கத்தில் ஒரு பலா மரம், பின்னால் சாமைக் கொல்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார். உட்கார்ந்தேன். எதிரே ஒன்றுமே இல்லை, பனியின் வெள்ளை மட்டும்தான். பார்த்துக்கொண்டே இருந்தேன். கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்ற நினைப்புகூட வரவில்லை. என்ன சொல்ல, எனக்குப் பிடித்துவிட்டது. இவர் மேல் இருந்த கோபத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சின்னக்கண்ணு மறைக்காமல் பேசினார்.

"பத்திரம் பதிய முடியாதுங்க. மலை நெலம், கீழ இருக்கிறவங்க பேருக்கு ஆவாது. நீங்க இருக்கிற வரைக்கும் இருங்க. என் பேச்சுதான்."

"பேச்சு போதும்" என்றார் இவர். பையின் ஜிப்பைத் திறந்தார்.

சின்னக்கண்ணுவின் பேச்சு நல்ல பேச்சுதான். அவருக்குப் பின்னால் அவர் பிள்ளைகள் என்ன பேசுவார்களோ, யார் கண்டது? கோபம் திரும்பி வந்தது. நல்லவேளை.

"ஏங்க, இத குடுத்துட்டு, மீதியும் குடுத்துட்டா, நாம இன்னாங்க பண்றது?"

அவர் பனியைப் பார்த்தபடியே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"அடுத்த சீசன்ல பாத்துக்கலாம், கண்ணகி."

சர்க்கரை ஆலைக் குடும்பங்களில் இந்தப் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அரவை நடக்கும் சீசன் மாதங்களில் முழுச் சம்பளம், ஓவர்டைம். கரும்பு தீர்ந்து ஆலை நின்றால் கைக்கு வருவது பாதிதான். அந்த மாதங்களில் வீட்டில் எது உடைந்தாலும், யார் எதைக் கேட்டாலும் இதுதான் பதில். எங்கள் மகள் ரம்யாவைக் காலேஜில் சேர்த்தது அப்படித்தான். ஓடு மாற்றியது, என் மூக்குத்தியை அடகிலிருந்து மீட்டது, எல்லாம் அப்படித்தான். சீசன் தாமதமாக வந்திருக்கிறது, வராமல் இருந்ததில்லை. அதை நம்பியே வாழ்ந்து பழகிவிட்டோம்.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது கேட்டது. பைக்குள் போன கை அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த மாதம் ஆலை ஓடும். பாய்லருக்குப் பூஜை போட்டு நெருப்பு வைப்பார்கள். பாகு காய்ச்சும் இடத்தில் வேறு யாரோ நிற்பார். சீசன் வரும், எங்கள் வீட்டுக்கு வராது.

நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. பணம் போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது, சத்தியமாக.

"குடுத்துடுங்க" என்றேன். "எனக்கும் புடிச்சிருக்கு."

அவர் ஜிப்பை இழுத்து மூடினார். பையை எடுத்து என் மடியில் வைத்தார்.

"வேணாம். நாளைக்கு தபால் ஆபீசு போலாம்" என்றவர், சின்னக்கண்ணுவைப் பார்த்து, "தப்பா நெனச்சிக்காத தம்பி" என்றார்.

"அதுக்கின்னாங்க. டீ குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு சின்னக்கண்ணு உள்ளே போனார்.

ஆடி மாதம் ஆலைக்காரர்கள் மாலை போட்டு, சால்வை போர்த்தி, வேனில் வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். அன்றைக்கு அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். உண்மையில் அவர் ரிடையர் ஆனது இங்கே, இந்த நாற்காலியில்தான். நான் என் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

என் பக்கம் திரும்பிக் கேட்டார். "இனிமே காத்தால எழுந்து நான் இன்னா பண்றது, கண்ணகி?"

பணத்துக்கு நாலு மாதமாக வழி யோசித்து வைத்திருந்தவள் நான். இதை யோசிக்கவில்லை.

"தெரிலங்க" என்றேன். டீ வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.