சத்தமே போடாத பிரேக்

தொண்ணூற்றைந்து யூரோ. என்சியோ ரெய்யோவுக்குத் தரவேண்டிய பாக்கி அது. வாங்கியதென்னவோ கட்டைவிரல் நீள இரும்புத் துண்டு, பக்கவாட்டில் துளைகளோடு. வேட்டைத் துப்பாக்கியின் குழாய் முனையில் திருகினால் உதைப்பு பாதியாகும். பிரேக் என்பார்கள்.

என்சியோவின் துப்பாக்கி அவன் அப்பா காலத்தது. முரட்டு மாடு மாதிரி உதைக்கும். மரமில்லில் பலகை சுமந்தே அவன் தோள் பாதி போயிருந்தது. மறுநாள் மூஸ் மான் வேட்டை தொடக்கம். அன்றைய சுடும் தேர்வில் தேறாதவனுக்கு வேட்டையும் இல்லை, இறைச்சிப் பங்கும் இல்லை. ஃபின்லாந்துக் குளிர்காலத்தை வெறும் உருளைக்கிழங்கோடு ஓட்ட வேண்டியதுதான்.

ரெய்யோ பட்டறைக்காரன், அந்தப் பிரேக்கைச் செய்து விற்றவன். பிரேக் போட்டால் சத்தம் காதைப் பிளக்கும் என்று வேட்டைச் சங்கத்தில் யாரோ முணுமுணுத்தபோது, சத்தமெல்லாம் பயந்தவன் மனசில்தான் இருக்கிறது என்று எழுந்து நின்று சொன்னவன். ஆண்டுக்கு நாலு வார்த்தை பேசும் ஊர் அது. அங்கே சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவது, கறந்த பாலை மடியில் ஏற்றுவது போலத்தான்.

இருவருக்கும் அடுத்தடுத்த மேடை, மேலே தகரக் கூரை. பலகை மானின் மார்பு வட்டத்தில் ஆளுக்கு நான்கு குண்டு விழவேண்டும். காதுமூடிகளை மாட்டிக்கொண்டார்கள்.

என்சியோ சுட்டான். தோளில் பூனை தட்டினாற்போல் இருந்தது. துளை வழியே பக்கவாட்டில் பாய்ந்த இடி ரெய்யோவின் தொப்பியைத் தூக்கிப் புல்லில் எறிந்தது. அந்த அதிர்ச்சியில் ரெய்யோ சுட்ட குண்டு பலகை மானுக்கு மேலே போயிற்று.

என்சியோவும் தேறவில்லை. வராத உதைக்குப் பயந்து தோளைச் சுருக்கும் பழைய பழக்கம், கடைசிக் குண்டைக் கெடுத்தது. இரண்டாம் முறையும் இருவருக்கும் அதே கதைதான். ஆளுக்கு இன்னும் ஒரே வாய்ப்பு என்ற ஐரா, தேர்வு நடத்துபவள், ரெய்யோ பக்கம் திரும்பினாள்.

"ரெய்யோ, கோடி மேடை காலியாத்தான் கெடக்கு. சத்தம் தாங்கலேன்னா அங்க போயேன்."

"எந்தச் சத்தம்?" என்றான் ரெய்யோ.

பிறகு, இறைச்சி சாசேஜ்கள் வாட்டும் நெருப்பருகே உட்கார்ந்திருந்த என்சியோவிடம் மெல்ல வந்தான்.

"அதக் கொஞ்சம் கழட்டி வையேன்டா."

"எதுக்கு? அதுதான் சத்தமே போடலியே."

ரெய்யோ தொப்பியில் ஒட்டிய புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். "சரி, கழட்ட வேணாம். நான் சுட்டு முடிக்கற வரைக்கும் இங்கயே உக்காந்து சாசேஜ் தின்னு."

"பசிக்கல."

"பாக்கிய விட்டுட்டேன்."

என்சியோவுக்கு உடனே பசித்தது. அவன் மென்று முடிப்பதற்குள் ரெய்யோ தேறிவிட்டான்.

பிறகு என்சியோ தனியாக மேடையேறினான். வயிறும் நிறைந்திருந்தது, பாக்கியும் இல்லை. அன்றுதான் முதன்முறையாகத் தோள் சுருங்கவில்லை. நான்கும் வட்டத்துக்குள் விழுந்தன.

பின்னால் ரெய்யோ, காதுமூடிக்கு மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டு நின்றான்.

"என்னடா, காதப் பொத்திக்கிட்டு?" என்றாள் ஐரா.

"குளிருது."

அவள் என்சியோவின் தாளில் கையெழுத்துப் போட்டபடி, பிரேக்குக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டாள்.

என்சியோ ரெய்யோவைப் பார்த்தான். "ஒரு சாசேஜ் தின்னேன். அதோட சரி."