துறையின் ஒரு துண்டு

கொங்கிறீட் நசுக்கும் இயந்திரத்துக்கு முகதாட்சண்யம் கிடையாது. அதனால்தான் அதனோடு எனக்கு ஒத்துப்போகிறது. இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே கொங்கிறீட் கட்டியை வைத்து அமுக்குவேன்; உடையும் வரை அழுத்தம் காட்டும் முள் ஏறும்.

நெடுந்தீவில் புதிதாகக் கட்டிய சின்ன இறங்குதுறையின் கலவையில் சோதனைக்கென்று வார்த்த கட்டிகள் வேலணைக்கு, எங்கள் சோதனைக்கூடத்துக்கு வந்தன. நானும் நெடுந்தீவுக்காரிதான். முள் பாதித் தூரம்கூடப் போகவில்லை, முதல் கட்டி உதிர்ந்தது. மற்றவையும் அப்படியே.

ஒப்பந்தக்காரரின் பொறியியலாளர் தயாபரனுக்கு உடனே காரணம் கிடைத்துவிட்டது. வார்த்த கட்டிகள் நன்றாக இறுக, சோதனை வரை அவற்றை நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். துறைக் காவலாளி பஸ்ரியாம்பிள்ளையோ, இந்தக் கோடையில் கல்லுக்கு எதற்கு நல்ல தண்ணீர் என்று தொட்டியை மாடுகளுக்குத் திறந்துவிட்டிருந்தார். கேட்டதும் ஒப்புக்கொண்டார். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

காவலாளியை வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று, யாழ்ப்பாணத்தில் வேறு கட்டிகள் வார்த்துத் தருகிறேன், அவற்றை நசுக்கிக் கையெழுத்துப் போடும் என்றார் தயாபரன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கட்டிக்குத்தானே தண்ணி இல்லை. துறைக்கு என்ன வந்தது? அதிலை துளைச்சு ஒரு துண்டு எடுத்துத் தாங்கோ, நசுக்குவம்."

"அதுவும் உடைஞ்சால் துறையை இடிக்கச் சொல்லுவினம். உம்மடை சனம்தான் கஷ்டப்படும்."

"இடிக்கட்டும்."

என் வேலைக்கும் ஆபத்து என்பதை அவர் சொல்லாமல் சொன்னார். துண்டு தராவிட்டால் இப்போது வந்த முடிவையே அனுப்புவேன் என்று நான் சொல்லியே சொன்னேன்.

துண்டு வந்தது. கட்டிகளைவிடச் சீக்கிரமாக உடைந்தது. மாடுகள் மேல் பழியில்லை. துறையில் சீமெந்து போதவில்லை. உள்ளதை எழுதிக் கையெழுத்து வைத்தேன். பஸ்ரியாம்பிள்ளையைத் திரும்ப எடுத்தார்கள், இடிபடும் துறைக்குக் காவலாக.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது துறை இல்லை. படகிலிருந்து முழங்கால் தண்ணீரில் இறங்கினோம். முன்னால் சேலையைத் தூக்கிப் பிடித்து நடந்த எங்கள் ஊர் யூலியட் அக்கா திரும்பி நின்று, இருந்ததையும் உடைப்பித்துவிட்டாயே என்று எல்லோர் முன்னாலும் ஏசினார். பேச்சு சுட்டது. அழுகைகூட வந்தது. ஆனால் தலை குனியவில்லை.

"ஏசுங்கோ அக்கா. நனைஞ்சாலும் உயிரோடை கரைக்கு வாறியள். புதுசாக் கட்டுறதையும் நசுக்கித்தான் பார்ப்பன்."