மண்டோருக்கு ரோஷமில்லை

ரவிச்சந்திரன் கையில் கூண்டோடு காரிலிருந்து இறங்கியதைப் பார்த்ததுமே அந்தோனியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டில் இருந்தவன். செண்டாயானில் புது வீடு வாங்கிக்கொண்டு போனபோது கட்டில், மீன்தொட்டி, பூச்சட்டிவரை லோரியில் ஏற்றினான். பூனையை மட்டும் விட்டுவிட்டுப் போனான். புது டைல்ஸில் முடி கொட்டுமாம்.

மண்டோர் என்று பெயர் வைத்தவனும் அவன்தான். செம்பனைக் காட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் மாதிரி, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் முறைக்குமாம். பொரித்த கோழியும் ரொட்டி சானாயும் போட்டுப் போட்டு, நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்கும்படி அதை ஆக்கியிருந்தான். அந்தோனியம்மாள் அதைத் தூக்கிப்போய்க் காட்டியபோது, கொழுப்பு குறையாவிட்டால் இதயம் தாங்காது என்று கோலா பிலா மிருக டாக்டர் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு அந்தோனியம்மாள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் ஏற்கெனவே மூன்று பூனைகள். மண்டோரால் ஏற முடியாதென்று அவற்றின் தட்டுகளை மேசைமேல் வைத்தாள். மண்டோருக்குக் குளியலறையில், கதவைச் சாத்தி, அளந்த தீனி. அது கத்திய கத்தில் லயத்து வீடுகளெல்லாம் அவளைக் கொலைகாரியைப் போலப் பார்த்தன. போன வாரம் அது மேசைமேல் தாவி ஏறி மூன்று தட்டையும் காலி செய்தது. வாய் நிறையத் திட்டினாள். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“என்னக்கா, என் பூனைய இப்படிப் பட்டினி போட்டு வச்சிருக்கீங்க?” என்றான் ரவிச்சந்திரன். “பிள்ளைங்க கேக்குதுங்க. கொண்டு போறேன் லா.”

“யாரு பூனைடா? அன்னிக்கு முடி கொட்டும்னு விட்டுட்டுப் போனியே, இன்னிக்கு உன் டைல்ஸ் எங்கடா போச்சு?”

அவன் கோழிப் பொட்டலத்தைப் பிரித்து, “மண்டோர்!” என்று கூப்பிட்டான். பூனை ஓடி வந்தது. கோழியை முகர்ந்துகூடப் பார்க்காமல் அவன் காலையே சுற்றிச் சுற்றி உரசியது.

“பாத்தீங்களா? என்னை மறக்கலக்கா.”

“மறக்கலடா! நீ போனதிலிருந்து பூட்டுன உன் வீட்டு வாசல்லயே கெடந்தான். மழையில நனைஞ்சுகிட்டு. தூக்கிட்டு வந்தா மறுபடியும் அங்கதான் போய் உக்காந்தான். ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் எழுந்து நின்னான். நீதான்டா மறந்த!”

பூனையைத் தடவப் போன ரவிச்சந்திரனின் கை பாதியில் நின்றது. அந்தோனியம்மாள் வெடுக்கென்று மண்டோரைத் தூக்கினாள். முன்பெல்லாம் அதற்கு இரண்டு கையும் வேண்டும். இப்போது ஒரு கை போதும். மற்றக் கையால் கதவை அறைந்து சாத்தினாள்.

வெளியே கார் கிளம்பியது. மண்டோர் அவள் கையிலிருந்து குதித்து, சாத்திய கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தது.

“உனக்கு ரோஷமே இல்லையாடா?” என்று தொண்டை கிழியக் கத்தினாள் அந்தோனியம்மாள்.